நிறுத்தலும் நிறுவுதலும்

ஆர்க்கிமிடிஸ் இறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, கிரேக்கத்தின் கைரோனியா என்ற சிற்றூரில் வாழ்ந்த புளூட்டார்க் அவரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அவர் எழுத உட்கார்ந்தது ஆர்க்கிமிடிஸின் வாழ்க்கையை எழுதுவதற்காகக்கூட இல்லை. சிராகூஸ் நகரை முற்றுகையிட்டு வென்ற ரோமானியத் தளபதி மார்செலஸின் வாழ்க்கையை எழுத. முற்றுகையைச் சொல்லப்போனால், மதிலுக்கு உள்ளிருந்து ரோமப் படையைத் திணறடித்த பொறிகளையும் அவற்றை வகுத்த முதியவரையும் சொல்லாமல் விட முடியாது. அந்த இடத்தில் புளூட்டார்க் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போகிறார். இத்தனை பொறிகளைச் செய்தும் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதி வைக்க ஆர்க்கிமிடிஸ் விரும்பவில்லையாம். வாழ்க்கைத் தேவைக்கு உதவும் கலைகள் எல்லாம் அவருக்கு இழிந்தவையாகத் தெரிந்தனவாம். தேவையின் சாயல் படாத வடிவியலிலேயே அவர் தம் மனத்தைக் குடிவைத்திருந்தாராம். பொறிகள், அரசன் கேட்டுக்கொண்டதற்காக வடிவியல் ஆடிய விளையாட்டு என்பது புளூட்டார்க்கின் கருத்து. தூய அறிவு என்று ஒன்று உண்டு, அது பயனுள்ள அறிவைவிட மேலானது என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களுக்கு இந்தப் பக்கங்கள் பெரிய துணையாக இருந்தன. தன் காலத்தின் மிகச் சிறந்த பொறியாளனே பொறியியலை இகழ்ந்தான் என்றால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்தச் சாட்சி ஆர்க்கிமிடிஸுடையது அன்று, பிளேட்டோவுடையது என்பதே இங்கே நான் சொல்ல வருவது. புளூட்டார்க் பிளேட்டோவின் வழியில் வந்தவர். அதே பக்கங்களில் பிளேட்டோவின் கோபம் ஒன்றையும் அவரே விவரிக்கிறார். யூடாக்சஸும் ஆர்க்கிடாஸும், கோடும் வட்டமும் மட்டும் கொண்டு தீர்க்க முடியாத சில வடிவியல் சிக்கல்களைக் கருவிகளின் துணையோடு தீர்த்தார்கள். பிளேட்டோ அதைப் பொறுக்கவில்லை. உடலற்ற, என்றும் மாறாத பொருள்களைப் பற்றிய அறிவை, உடலுள்ள, கைத்தொழிலாளி தொட்டுப் புழங்கும் பொருள்களிடம் இழுத்துவந்து வடிவியலைக் கெடுத்துவிட்டார்கள் என்றாராம். இந்தக் கோபத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதன் பின்னால் வலுவான சிந்தனை உண்டு. மணலில் நாம் வரையும் எந்த வட்டமும் வட்டமன்று. அதன் கோட்டுக்கு அகலம் உண்டு, அதில் மேடுபள்ளம் உண்டு, காற்று அடித்தால் அழிந்துவிடும். ஆனால் வட்டத்தைப் பற்றி நாம் அறிவது அழிவதில்லை. ஆகவே அறிவின் பொருள் மணலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. இவ்வளவையும் நான் ஏற்கிறேன். இதிலிருந்து அடுத்த அடி எடுத்துவைக்கும்போதுதான் சிக்கல். மணல் வட்டம் உண்மையான வட்டமன்று என்பதால், மணலைத் தொடும் கை உண்மைக்குத் தகுதியற்றது என்று ஆகிவிடுமா? உடல் உழைப்பை அடிமைகளும் கைவினைஞர்களும் செய்த சமூகத்தில் அந்த அடியை எடுத்துவைப்பது மிகவும் சுலபமாக இருந்தது. சிறந்த நகரம் கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஏற்காது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் எழுதினார். பொருள்களுக்கு இடையே இருந்த வேறுபாடு மனிதர்களுக்கு இடையே உயர்வு தாழ்வாக இப்படித்தான் கசிந்தது. புளூட்டார்க்கின் ஆர்க்கிமிடிஸ் அந்தக் கசிவில் முளைத்தவர்.

ஆர்க்கிமிடிஸ் தாமே எழுதியவை நம்மிடம் இல்லாவிட்டால் இந்த வழக்கு இதோடு முடிந்திருக்கும். நல்லவேளையாக இருக்கின்றன, அவற்றில் மிக முக்கியமான ஒன்று 1906 வரை உலகுக்குத் தெரியாமல் கிடந்தது. 10-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் ஆட்டுத்தோல் ஏடுகளில் ஆர்க்கிமிடிஸின் நூல்கள் பலவற்றைப் படியெடுத்தார். 1229-இல் ஒரு கிறித்தவத் துறவி அந்த ஏடுகளைச் சுரண்டி, குறுக்கே மடித்து, அவற்றின்மேல் வழிபாட்டு நூல் ஒன்றை எழுதினார். தோல் அரிதாக இருந்த காலத்தில் இது வழக்கமான வேலைதான். வேண்டுதல்களுக்கு அடியில் வடிவியல் மங்கலாகத் தங்கிவிட்டது. டேனிஷ் அறிஞர் ஹைபெர்க் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய், பூதக்கண்ணாடியின் உதவியால் அந்த அடி எழுத்தைப் படித்தார். அந்த ஏட்டுக்கட்டு பிறகு காணாமற்போய், 1998-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் 20 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்துக்கு ஆய்வுக்காக வந்துசேர்ந்தது. எக்ஸ் கதிர் வரை பயன்படுத்தி அதைப் படித்தார்கள். வேறு எங்குமே மூல மொழியில் கிடைக்காத நூல்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று, அலெக்சாண்டிரியாவின் பெரிய நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸுக்கு ஆர்க்கிமிடிஸ் எழுதிய நீண்ட கடிதம். ‘முறை’ என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். புளூட்டார்க் இதைப் படித்திருந்தால் தம் பக்கங்களை அப்படி எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்.

கணித நூல்கள் பொதுவாகச் செய்யாத ஒன்றை இந்தக் கடிதம் செய்கிறது. ஒரு தேற்றத்தை எப்படி நிரூபிப்பது என்பதோடு, அது எனக்கு முதலில் எப்படித் தட்டுப்பட்டது என்பதையும் இது சொல்கிறது. தமக்குச் சில உண்மைகள் முதலில் பொறியியல் வழியாகவே தெளிவாயின என்று ஆர்க்கிமிடிஸ் மறைக்காமல் எழுதுகிறார். அவர் கையாண்டது துலாக்கோல். கோளத்தின் கன அளவு என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கோளத்தையும், அதைப்போல் இருமடங்கு அகலமான உருளை ஒன்றையும், அந்த உருளைக்குள் அடங்கும் கூம்பையும் எடுத்துக்கொள்கிறார். மூன்றையும் ஒரே தளத்தால் மெல்லிய வட்டத் தகடுகளாக மனத்தில் அரிகிறார். எந்த இடத்தில் அரிந்தாலும், கோளத்தின் தகட்டையும் கூம்பின் தகட்டையும் துலாக்கோலின் கடைக்கோடியில் தொங்கவிட்டால், உருளையின் தகடு இருந்த இடத்திலேயே இருந்தபடி அவற்றைச் சமன்செய்கிறது. ஒவ்வொரு தகடும் சமனானால் எல்லாத் தகடுகளும் சேர்ந்தும் சமனாகும். உருளையின் ஈர்ப்பு மையம் எங்கே என்று முன்பே தெரியும். கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதும் தெரியும். மீதி கழித்தல் கணக்கு. ஒரு கோளம், அதைச் சரியாகச் சூழ்ந்து நிற்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று முடிவு வருகிறது. உடனே இன்னொரு பாய்ச்சலும் பாய்கிறார். வட்டத்தின் பரப்பு, சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட முக்கோணத்துக்குச் சமம். அப்படியானால் கோளமும் தன் மேற்பரப்பை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட கூம்புக்குச் சமமாக இருக்க வேண்டும். எனவே மேற்பரப்பு, கோளத்தின் பெரிய வட்டத்தைப்போல் நான்கு மடங்கு இருக்கும் என்று ஊகிக்கிறார். பிறகு ‘கோளமும் உருளையும்’ நூலில் இரண்டையும் அசைக்க முடியாதபடி நிரூபித்தார். அந்த நூலில் துலாக்கோலின் சுவடே இல்லை.

இந்த இடத்தில் தமிழின் ஒரு சொல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘நிறு’ என்ற வினைக்கு எடை பார்ப்பது என்றும் பொருள், நிலைபெறச் செய்வது என்றும் பொருள். தட்டில் வைத்து நிறுக்கிறோம். ஒரு கருத்தை நிறுவுகிறோம். இரண்டும் ‘நில்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தராசின் முள் ஆடி அடங்கி நிற்பதையும், ஐயங்கள் ஆடி அடங்கி ஒரு முடிவு நிற்பதையும் மொழி ஒரே செயலின் இரு முகங்களாகப் பார்த்திருக்கிறது. ஆர்க்கிமிடிஸ் இந்த இரண்டையும் மிகுந்த கவனத்தோடு பிரித்தார் என்பதும், பிரித்தபோது ஒன்றை மற்றொன்றின் வேலைக்காரனாக ஆக்கவில்லை என்பதுமே அவரை விளங்கிக்கொள்வதற்கான திறவு என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் அவர் சொல்வது இதுதான்: துலாக்கோலால் கண்டது நிரூபணம் ஆகாது, வடிவியலால் பிறகு நிரூபிக்க வேண்டும், ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் நிரூபணத்தைத் தேடுவதைவிட, முடிவைப் பற்றி ஏதேனும் தெரிந்துகொண்டு தேடுவது எளிது. இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு டெமாக்ரிடஸ். கூம்பு, அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதை முதலில் நிரூபித்தவர் யூடாக்சஸ். ஆனால் நிரூபணம் இல்லாமலே அதை முதலில் சொன்னவர் டெமாக்ரிடஸ். அவருக்கும் சிறிதல்லாத பங்கு தர வேண்டும் என்கிறார் ஆர்க்கிமிடிஸ். பிளேட்டோவின் பள்ளியில் டெமாக்ரிடஸுக்கு இடமில்லை. எல்லாம் அணுக்களே என்ற அந்த மனிதரின் பெயரைப் பிளேட்டோவின் உரையாடல்கள் ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை. அதே மனிதரின் பெயரை ஆர்க்கிமிடிஸ் மதிப்போடு எழுதுகிறார். தம் வழியைத் தம்மோடு புதைத்துவிடவும் அவர் விரும்பவில்லை. இக்காலத்தவரோ இனி வருபவரோ இந்த முறையைக் கைக்கொண்டு எனக்குத் தோன்றாத தேற்றங்களையும் காண்பார்கள் என்ற நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன் என்கிறார். கைத்தொழிலை இழிவாக நினைத்த ஒருவர், தம் தொழில் நுணுக்கத்தை அடுத்தவர் கையில் கொடுக்க இப்படியா ஆவல்படுவார்?

இங்கே ஒரு மறுப்பு எழும். துலாக்கோல் முறை நிரூபணமாகாது என்று அவரே சொல்லிவிட்டாரே. அப்படியானால் அது கீழானது என்றுதானே பொருள், புளூட்டார்க் சொன்னதும் அதைத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை ‘பரவளையத்தின் பரப்பு’ என்ற அவருடைய வேறொரு நூலில் கிடக்கிறது. பரவளையத்தை ஒரு நேர்கோடு வெட்டும் துண்டின் பரப்பு, அதே அடியும் உயரமும் உடைய முக்கோணத்தைப்போல் மூன்றில் நான்கு மடங்கு என்பது அந்த நூலின் முடிவு. அதற்கு அவர் இரண்டு நிரூபணங்கள் தருகிறார். இரண்டாவது முழுக்க வடிவியல். முதலாவதில் எடைகள் தொங்குகின்றன, நெம்புகோல் இருக்கிறது, சமநிலை இருக்கிறது. ஆனாலும் அதைப் பொதுவெளியில் எல்லோரும் படிக்க நிரூபணமாகவே வைக்கிறார். அப்படியானால் எடையும் துலாக்கோலும் வந்துவிட்டதாலேயே ஒரு வாதம் தீட்டுப்பட்டுவிடும் என்று அவர் நினைக்கவில்லை. எரடோஸ்தனிஸுக்கு எழுதிய கடிதத்தில் குறையாக இருந்தது வேறு: ஒரு திண்மத்தை அதன் தகடுகளின் தொகுதியாகவே எடுத்துக்கொண்ட துணிச்சல். தடிப்பே இல்லாத தகடுகளை எத்தனை அடுக்கினாலும் தடிப்புள்ள பொருள் எப்படி வரும்? அந்தக் கேள்விக்கு அவர் காலத்தில் விடை இல்லை. பரவளைய நூலிலோ தகடுகளுக்குப் பதில் பட்டைகளை வைத்து, பரப்பை மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கி, கூடவும் இருக்க முடியாது குறையவும் இருக்க முடியாது என்று காட்டிவிடுகிறார். அங்கே துலாக்கோல் இருந்தும் நிரூபணம் நிற்கிறது. அவர் போட்ட கோடு உயர்ந்த பொருளுக்கும் தாழ்ந்த பொருளுக்கும் இடையே ஓடவில்லை. கணக்குத் தீர்ந்த வாதத்துக்கும் கடன் மிச்சமிருக்கும் வாதத்துக்கும் இடையே ஓடுகிறது.

அந்தக் கடனை அடைப்பதில் அவர் எவ்வளவு கடுமையானவர் என்பதற்குச் ‘சுருள்கள்’ நூலின் முன்னுரை சான்று. தம் தேற்றங்களை நிரூபணம் இல்லாமல் முதலில் அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பிவைத்து, அங்குள்ளவர்கள் தாங்களே நிரூபணம் தேடட்டும் என்று விடுவது அவர் வழக்கம். அப்படி அனுப்பியவற்றில் தவறான கூற்றுகள் இரண்டையும் சேர்த்திருந்ததாக அந்த முன்னுரையில் வெளிப்படுத்துகிறார். எல்லாவற்றையும் நாங்களும் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொண்டு நிரூபணம் ஒன்றும் காட்டாதவர்கள், நடக்கவே நடக்காததையும் கண்டுபிடித்ததாக ஒப்புக்கொள்ள நேரட்டும் என்பது காரணம். இதை வெறும் குறும்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வழியாக வந்தாய் என்பதை மறைக்கிறவனிடம் உண்மைக்குப் பாதுகாப்பில்லை என்ற உறுதி இதில் இருக்கிறது. பிளேட்டோவுக்கு அறிவின் தூய்மை எதைப் பற்றிய அறிவு என்பதில் இருந்தது. ஆர்க்கிமிடிஸுக்கு அது சொல்கிறவனின் நேர்மையில் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் ஊகம் என்று ஒவ்வோர் அடியிலும் சொல்லிவிட்டால், கை தொட்டதா கருத்து மட்டும் தொட்டதா என்ற கவலை மிஞ்சுவதில்லை.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. அதை நேராகச் சந்திக்க வேண்டும். ஆர்க்கிமிடிஸின் துலாக்கோல் மரத்தாலோ இரும்பாலோ ஆனதன்று. அந்தக் கோலுக்கு எடை இல்லை. அதன் சுழல்முனையில் உராய்வு இல்லை. தகடுகளுக்குத் தடிப்பும் இல்லை. எந்தக் கடைவீதியிலும் யாரும் கோளத்தின் தகட்டை உருளையின் தகட்டோடு நிறுத்துப் பார்த்ததில்லை. அப்படியிருக்க, இதுவும் மனத்துக்குள் நடந்த வடிவியல்தானே. துலாக்கோல் என்ற பெயர் வெறும் ஆடைதானே? கடைசியில் பிளேட்டோ வென்றுவிட்டார் என்று சொல்ல இது வலுவான காரணம். ஆனால் அந்தக் கற்பனைக்குள் என்ன நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். வட்டத்துக்கு எடை வந்திருக்கிறது. பிளேட்டோவின் வட்டம் எதையும் அழுத்தாது, எங்கும் தொங்காது, எந்தப் பக்கமும் சாயாது. அதனிடம் எங்கே தொங்கினால் சமனாவாய் என்று கேட்பதே பொருளற்றது. இங்கே வட்டத்திடம் அதே கேள்வி கேட்கப்படுகிறது, வட்டமும் விடை சொல்கிறது. தூரத்தில் இருக்கும் சிறியது அருகில் இருக்கும் பெரியதைத் தூக்கும் என்பதை மனிதர் முதலில் அறிந்தது கல் புரட்டும்போதும், பாரம் ஏற்றும்போதும், சரக்கை எடைபோடும்போதும்தான். ஆர்க்கிமிடிஸ் ‘தளங்களின் சமநிலை’ நூலில் அந்த அறிவைச் சில அடிப்படைக் கூற்றுகளாக எழுதினார்: சம எடைகள் சம தூரத்தில் சமனாகும், சமமற்ற தூரத்தில் தூரமானதின் பக்கம் சாயும் என்று தொடங்குகிறது அது. அந்தக் கூற்றுகளை யாரும் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் பெற்றிருக்க முடியாது. பல தலைமுறைகளின் தோளிலும் முதுகிலும் படிந்த அறிவைத்தான் அவர் எடுத்து, உராய்வையும் பிசிறையும் நீக்கி, கோளத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். நீக்கியது அவருடைய பெருமை. அதனால் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பது மாறிவிடவில்லை.

உண்மையான மரமும் உண்மையான கண்ணும் வேண்டும் என்று இன்னும் கேட்பவர்களுக்கு ‘மணல் எண்ணி’ இருக்கிறது. சிராகூஸ் அரசன் ஹீரோனின் மகன் கெலோனுக்கு எழுதிய நூல் அது. அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் அந்த மணலுக்கு எண் உண்டு என்று காட்டுவது நோக்கம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அரிஸ்டார்கஸின் கருதுகோளையே எடுத்துக்கொண்டு, அண்டத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கி, இன்றைய எழுத்தில் 1-க்குப் பின் 63 சுழியங்கள் போட்ட எண்ணுக்கு மேல் மணல் போகாது என்று முடிக்கிறார். இதற்குச் சூரியன் நம் கண்ணுக்கு எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரே அளந்தார். நீண்ட சட்டம் ஒன்றை மட்டமாக வைத்து, அதன்மேல் சிறு உருளை ஒன்றை நிமிர்த்தி, விடியற்காலையில் சூரியன் வெறுங்கண்ணால் பார்க்கத் தக்கதாக இருக்கும் வேளையில் அதை நோக்கித் திருப்பினார். உருளையைத் தள்ளித் தள்ளி, அதன் இரு ஓரங்களிலும் சூரியன் மெல்லிய கீற்றாக எட்டிப்பார்க்கும் இடத்தையும், முழுவதுமாக மறையும் இடத்தையும் குறித்தார். கண் ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதில்லை, கண்மணிக்கு அகலம் உண்டு என்பதால் அந்த அகலத்துக்கும் வேறு இரண்டு மெல்லிய உருளைகள் கொண்டு ஓர் அளவு எடுத்தார். பார்வையும் கைகளும் கருவிகளும் பிசகில்லாத முடிவு தரும் அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல என்று வெளிப்படையாக எழுதினார். எழுதிவிட்டுக் கருவியைத் தூக்கி எறியவில்லை. சூரியனின் கோணம், செங்கோணத்தின் 164-இல் ஒரு பங்கைவிடக் குறைவு, 200-இல் ஒரு பங்கைவிட அதிகம் என்று இரு எல்லைகளைக் கொடுத்தார். இன்று நாம் அறியும் அளவு அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

இதைப் படிக்கும்போது ‘வட்டத்தின் அளவை’ நினைவுக்கு வருகிறது. அங்கே 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளும் வெளியும் வைத்து, சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் மூன்றே ஏழில் ஒரு பங்கைவிடக் குறைவு, மூன்றே எழுபத்தொன்றில் பத்துப் பங்கைவிட அதிகம் என்றார். ஒன்று மனம் மட்டும் அறியும் வட்டம். மற்றது விடியற்காலையில் கண்ணைக் கூசவைக்கும் சூரியன். இரண்டிலும் மனிதர் ஒருவரே, செயலும் ஒன்றே: துல்லியம் கைக்கு எட்டாதபோது உண்மையை இரு எல்லைகளுக்கு நடுவில் சிறைப்பிடிப்பது. வட்டத்தில் எல்லைகளை எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கலாம். சூரியனிடம் முடியாது, கண்மணி தடுக்கும். அந்த வேறுபாடு பெரியதுதான். ஆனால் அது தொடர்ச்சி அறுந்துபோன வேறுபாடு இல்லை. பிளேட்டோ பிளவு கண்ட இடத்தில் ஆர்க்கிமிடிஸ் அளவுகளின் வேறுபாட்டைக் கண்டார்.

பொறிகளைப் பற்றி அவர் நூல் எழுதவில்லை என்ற புளூட்டார்க்கின் சான்றும் முழுதாக நிற்கவில்லை. ஒரு நூல் எழுதினார். வானக்கோளம் செய்யும் முறையைப் பற்றியது. அந்த நூல் தொலைந்துவிட்டது என்றாலும், அது ஒன்றைத்தான் பொறியியலில் எழுதத் தகுந்ததாக அவர் நினைத்தார் என்ற செய்தியைப் பிற்காலக் கணித அறிஞர் பப்பஸ் குறித்துவைத்திருக்கிறார். இது புளூட்டார்க்குக்குப் பாதி ஆதரவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போர்ப் பொறிகளைப் பற்றி அவர் எழுதாமல் விட்டது உண்மை. ஆனால் கைவேலையே இழிவு என்று நினைத்தவர், கைவேலைகளிலேயே நுணுக்கமானதைப் பற்றி எழுத உட்கார மாட்டார். சிராகூஸ் வீழ்ந்தபின் மார்செலஸ் அவர் செய்த வானக்கோளத்தை ரோமுக்கு எடுத்துப்போனார். சூரியனும் சந்திரனும் கோள்களும் தத்தம் வேகத்தில் அதில் ஒரே சுழற்சியால் நகர்ந்தன என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ விவரிக்கிறார். சிசரோவின் வாசிப்பு இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. வானத்தின் இயக்கம் தெய்வம் இல்லாமல் நடக்காது என்றால், அந்த இயக்கங்களை ஒரு கோளத்தில் கட்டிய ஆர்க்கிமிடிஸின் மனத்திலும் தெய்வீகம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தெய்வத்தன்மைக்குச் சான்றாக அவர் தேர்ந்தெடுத்தது பித்தளையும் பற்சக்கரமும் போன்ற ஏதோ ஒரு பருப்பொருளை வளைத்துச் செய்த ஒரு பொருளை.

கல்லறை மட்டும் மிச்சம். தம் கல்லறையில் கோளத்தையும் அதைச் சூழ்ந்த உருளையையும் பொறித்து, அவற்றின் விகிதத்தையும் எழுதும்படி ஆர்க்கிமிடிஸ் கேட்டுக்கொண்டார் என்கிறார் புளூட்டார்க். கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ, முட்புதர்களுக்கு நடுவே அந்தச் சின்னம் தலைகாட்டும் சிறு தூணைத் தேடிக் கண்டார். சிராகூஸ் மக்களுக்கே அது இருப்பது தெரிந்திருக்கவில்லை. பொறி எதையும் கேட்காமல் தேற்றத்தைக் கேட்டாரே, இது போதாதா என்று வாதிடுவார்கள். இந்தத் தேற்றம் எந்தத் தேற்றம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கோளம் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இந்த விகிதம்தான் துலாக்கோலில் தொங்கவிட்டுக் கண்டது என்று அவரே எரடோஸ்தனிஸிடம் சொன்னது. கல்லறையில் அவர் பொறிக்கச் சொன்ன உண்மை, நிறுத்துக் கண்டு பிறகு நிறுவிய உண்மை.

இந்த வாதத்தில் எனக்கே மிகவும் பாரமாகத் தோன்றுவது கடைசி மறுப்பு. புளூட்டார்க்கின் பிரிப்பு ஆர்க்கிமிடிஸுக்கு ஒரு நன்மை செய்கிறது: கொலையின் பொறுப்பிலிருந்து அவரை விலக்கிவைக்கிறது. மதிலிலிருந்து கப்பல்கள்மேல் விழுந்த பாறைகள், கப்பலின் முகப்பைப் பற்றித் தூக்கிக் கவிழ்த்த இரும்புக் கை, இவை எல்லாம் அரசனுக்காகச் செய்த விளையாட்டு என்றால், அவர் மனம் வேறெங்கோ இருந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். கையும் மனமும் ஒன்றே என்று நான் வாதிட்டால் அந்த ஆறுதல் போய்விடுகிறது. போகட்டும் என்றே சொல்கிறேன். ஹீரோன் அரை நூற்றாண்டு ரோமோடு நட்பைக் காத்து கி.மு. 215-இல் இறந்தார், அவருக்குப் பின் வந்தவர்கள் ரோமின் எதிரியான கார்த்தேஜின் பக்கம் சாய்ந்தார்கள், எழுபதை ஒட்டிய வயதில் ஆர்க்கிமிடிஸ் தம் ஊர் மதிலுக்குள் இருந்தார். காலத்தால் முற்றுகைக்கு மிக அருகில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ், ஒரே ஒருவரின் மனம் ஒரு படையின் ஆற்றலுக்கு ஈடானதைத்தான் அங்கே காண்கிறார். அந்த மனம் தன் செயலை இகழ்ந்ததாக அவர் எழுதவில்லை. தம் நகரத்தைக் காக்க அவர் செய்தது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு முழு மனிதனிடம்தான் கேட்க முடியும். மனத்தை வானத்திலும் கையை மதிலிலும் வைத்து இரண்டாகப் பிளந்த மனிதன் எதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவனாக இருக்க மாட்டான். அறிவு கைகழுவிக்கொள்ளத் தூய்மை என்ற சொல் உதவுமானால் அந்தத் தூய்மையை நாம் அஞ்ச வேண்டும்.

கி.மு. 212-இல் நகரம் வீழ்ந்தது. ஆர்க்கிமிடிஸின் சாவைப் பற்றி மூன்று விதமாகக் கேள்விப்பட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். முதல் இரண்டில் அவர் ஒரு கணக்கில் மூழ்கியிருக்கிறார். வாளோடு வந்த படைவீரன் பொறுமை இழக்கிறான். உலகம் மனத்தில் வைத்திருப்பது அவற்றைத்தான். ஓவியர்கள் வரைந்ததும் அவற்றைத்தான். மூன்றாவதை அதிகம் பேர் சொல்வதில்லை. அதில் அவர் வீழ்ந்த நகரத்தின் வழியாக மார்செலஸைப் பார்க்க நடந்துபோகிறார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் சூரியக் கடிகாரங்களும், சிறு கோளங்களும், சூரியனின் அளவைக் கண்ணால் அறிய உதவும் கோணக் கருவிகளும் இருக்கின்றன. வழியில் எதிர்ப்பட்ட படைவீரர்கள், கிழவர் இவ்வளவு கவனமாகச் சுமந்துபோவது தங்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்து அவரைக் கொன்றார்கள்.